பனிவண்டியும் பாண்டிச்சேரி ஸ்கூட்டரும் அண்ணன் தம்பி, தெரியுமா?

மார்கழி விடியலுக்கே மப்ளர் சுற்றிக்கொள்கிற ஊர் நம் பாண்டிச்சேரி. வெண்பனி கொட்டுவதை இங்கே சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரின் இடதுபக்க மூடியைக் கழற்றினால் என்ன தெரியும் தெரியுமா? இரண்டு கப்பி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். கனடாவில் பனிமேல் பறக்கிற ஸ்னோமொபைலின் மூடியைத் திறந்தாலும் இதே கப்பி, இதே பெல்ட்! குல்மார்க்கில் சுற்றுலாக்காரர்கள் அலறிக்கொண்டே போகும் ஸ்னோ ஸ்கூட்டர், சியாச்சினில் நம் ராணுவம் ஓட்டும் ஸ்னோ ஸ்கூட்டர் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அந்த முன்கப்பியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு தட்டு; ஒரு தட்டுக்குப் பின்னால் சின்னச் சின்ன உருளைகள், பெரும்பாலும் ஆறு. எஞ்சின் வேகம் பிடித்ததும், ராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளுமே, அதுபோல உருளைகள் விளிம்பைப் பார்த்து ஓடும். ஓடும்போது தட்டை நெருக்கும். நெருக்கியதும் பெல்ட் பிதுங்கி மேலே ஏறும். அதே நொடியில் பின்கப்பி விரிந்து கொடுக்க, பெல்ட் அங்கே உள்ளே இறங்கும். பற்சக்கரமே மாறாமல் கியர் மாறிவிட்டது! பனிவண்டியில் உருளைக்குப் பதிலாகப் பெரும்பாலும் எடைக்கைகள் இருக்கும், வித்தை ஒன்றுதான். உருளை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானால் வண்டி கிளம்பும்போதே உதறும். 'எஞ்சின் போச்சு' என்று பயப்படுவதற்கு முன்னால் ரோலரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1958இல் ஹாலந்தின் டாஃப் நிறுவனம் இதே பெல்ட்டைக் காரில் வைத்தது. அந்தக் கார் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும்! ரிவர்ஸிலேயே ரேஸ் விட்டிருக்கிறார்கள் புண்ணியவான்கள். இந்தியாவில் 1984இல் கைனடிக் ஹோண்டா இந்த பெல்ட்டை ஸ்கூட்டரில் கொண்டுவந்தது. கிளட்ச், கியர் தொல்லை ஒழிந்தது.

சரி, பனிவண்டிக்கு வழி போட்டது யார்? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஊர் சொல்தா தாத்தாக்களோடு பிரெஞ்சிலேயே அரட்டை அடித்திருக்கக்கூடிய ஒரு மெக்கானிக்! கனடாவின் கியூபெக்கில், வால்கூர் என்ற கிராமத்துக்காரர், ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. 15 வயதில் பழைய ஃபோர்டு எஞ்சினோடு மர விசிறியைப் பூட்டிப் பனியில் ஓட்டிக் காட்டினார். கையை வெட்டிக்கொள்ளப் போகிறான் என்று நடுங்கிப்போன அப்பா, அதைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். 19 வயதில் சொந்த கராஜ். 1934 குளிர்காலத்தில் இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் பிடித்தது. பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லை. குழந்தை இறந்துபோனது. அதன்பின் பனியில் ஓடும் வண்டியே அவருடைய முழுமூச்சானது. 1959இல் வந்த அவருடைய சிறிய வண்டியின் பெயர் 'ஸ்கி-டூ'. வைக்க நினைத்தது 'ஸ்கி-டாக்' என்றும், அச்சில் விழுந்த பிழைதான் நிலைத்துவிட்டது என்றும் சொல்வார்கள். 'கராஜ்', 'சேஸி' இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள். பாண்டியில் அந்தச் சொற்களைக் கேட்டால் எனக்கு என்னவோ அவை சொந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல இருக்கும்.

கியூபெக் வண்டிக்கும் பாண்டி வண்டிக்கும் எதிரியும் ஒன்றே, தெரியுமா? உப்பு! அங்கே ரோட்டுப் பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். பனிவண்டியை ட்ரெய்லரில் ஏற்றிப் போகும்போது அது தெறித்து ஒட்டும். இங்கே வங்கக்கடல் இலவசமாகவே தூவிவிடுகிறது. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர்விடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், சுமார் 33 சதவீதமே அதற்குப் போதும். அதாவது உச்சிவெயிலில் நிற்கும்போதும் குருசுக்குப்பத்து வண்டியின் போல்ட் தலை நனைந்தே இருக்கலாம்! மாலையில் பீச் ரோட்டில் வண்டிக்கு அனுமதி இல்லை. பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நாம் காற்று வாங்குகிறோம், வண்டி உப்பு வாங்குகிறது. எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்தாலே பாதித் துரு வராமலே போகும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற டபிள்யூடி-40 எதற்காகப் பிறந்தது தெரியுமா? 1953இல் அமெரிக்காவில், அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்க! 40ஆவது முயற்சியில் பலித்ததால் அந்தப் பெயர். பெல்ட்டிலும் பிரேக்கிலும் மட்டும் அதை அடித்துவிடாதீர்கள்.

இப்போது என் அசட்டுத்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோடு வீட்டிலேயே ஹாரன் மாற்ற உட்கார்ந்தேன். முதல் ஸ்க்ரூவிலேயே தலை வழுக்கி வழவழவென்று ஆகிவிட்டது. தெருமுனை மெக்கானிக் உளியை வைத்து ஒரு தட்டு தட்டிக் கழற்றிவிட்டு, "ஸ்டாருன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சியா தம்பி?" என்றார். ஒன்றில்லையாம்! அமெரிக்க பிலிப்ஸ் ஸ்டார் வேறு, ஜப்பான் தரத்து ஸ்டார் வேறு. ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் பல சமயம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதில் பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் துள்ளி வெளியே வரும். அன்றிலிருந்து எந்த ஸ்க்ரூவைக் கண்டாலும் முதலில் புள்ளியைத்தான் தேடுகிறேன்.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மாட்டும் ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். ஜோடி ஹாரன் இழுக்கும் கரண்டை ஸ்விட்ச்சின் மெல்லிய ஒயர் தாங்காது. நடுவே ரிலேயும் ஃபியூஸும் வேண்டும். போன் சார்ஜரை நேராக பேட்டரியில் மாட்டினால் சாவியை எடுத்தபின்னும் அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் லைனில் மாட்டுங்கள். கடைக்காரர் தள்ளிவிடும் அழகுப்பொருள் என்று நாம் நினைக்கும் சாரி கார்டு, சட்டம் கேட்பது, தெரியுமா? 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி: பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். சேலைக்காக இப்படியொரு விதி இருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கடைசியாக, மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது முழுகிய ஸ்கூட்டர்கள் எத்தனை! முழுகிய வண்டியில் செல்ஃப் பட்டனை அமுக்கவே கூடாது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. உள்ளே தண்ணீர் நின்றால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆகவேண்டும். சாவியை எடுத்துவிட்டு பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல மெல்ல மிதியுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.