கழற்றி எறிவதற்கல்ல தெர்மோஸ்டாட்

படகு இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றால், பல கடற்கரைப் பட்டறைகளில் நடப்பது ஒன்றுதான். சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சின்ன மூடியைத் திறப்பார்கள். உள்ளே உப்புப் பூத்து இறுகிக் கிடக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் மூடியை மறுபடி பூட்டிவிடுவார்கள். சூடு தணிந்துவிடும். படகு மறுநாளே கடலுக்குப் போகும். உடனே பலன் தெரிவதால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் ஒரு கோளாறை நீக்கும்போதே இது இன்னொரு கோளாறை உள்ளே வைத்துவிடுகிறது. சூட்டினால் வரும் கேடு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும். குளிர்ச்சியினால் வரும் கேடு தெரிய மாதங்கள் ஆகும், அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். அதனால்தான் இரண்டாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தெர்மோஸ்டாட்டின் வேலை இன்ஜினைக் குளிர்விப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. இன்று நாம் காணும் வகையை 1934-இல் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருக்கும். தண்ணீர் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். தண்ணீர் ஆறினால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கடல்நீரே நேராக உள்ளே ஓடும் அவுட்போர்டு மோட்டார்களில் இது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும். நல்ல தண்ணீர் உள்ளுக்குள் சுற்றிவரும் டீசல் இன்ஜின்களில் திறக்கும் சூடு 70 டிகிரியில் தொடங்கி 80 டிகிரியைத் தாண்டியும் இருக்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. கடல்நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் பிரிந்து தண்ணீர் வழிகளில் படியத் தொடங்கும். ஆகவே, அளவு பொருந்துகிறதே என்று லாரி இன்ஜினுக்குரிய 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை அவுட்போர்டில் வைப்பதும் தவறுதான்.

தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில் என்ன நடக்கிறது? சிலிண்டர் சுவர் குளிர்ந்தே இருப்பதால், எரிபொருளில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிவிடும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அது பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். அளவுக்கம்பியில் ஆயில் ஏறியிருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம், ஏறியது ஆயில் அல்ல. எரிந்த வாயுவிலிருக்கும் நீராவியும் குளிர்ந்த சுவரில் வியர்த்து, அமிலமாகி இரும்பை அரிக்கும். சிலிண்டர் தேய்மானத்தில் உராய்வுக்கு இணையாக இந்தக் குளிர் அரிப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை 1930-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளே காட்டிவிட்டன. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டை மீனவர்கள் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், அந்தக் குளிர்ந்த நிலையிலேயே இன்ஜினை நாள் முழுக்க ஓட்டுகிறோம். வலை இழுக்கும்போது மெதுவாக ஓடும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம்.

நம் கடல் வெதுவெதுப்பானதுதானே, குளிர் நாட்டுக்காரர்களின் கவலை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் கடல்நீர் 28, 30 டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும், இன்ஜின் கேட்கும் சூட்டுக்கு அது குறைந்தது 20 டிகிரி குறைவு. எத்தனையோ இன்ஜின்கள் தெர்மோஸ்டாட் இல்லாமலே வருஷக்கணக்கில் ஓடுகின்றனவே என்பது அடுத்த வாதம். ஓடுகின்றன, உண்மைதான். ஆனால் அதிகம் குடிக்கும் எரிபொருளும், அடிக்கடி கரி பிடிக்கும் பிளக்கும், சீக்கிரமே தேய்ந்துபோகும் ரிங்குகளும் தெர்மோஸ்டாட் இல்லாத கணக்கில் எழுதப்படுவதில்லை. இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: நடுக்கடலில் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் வேறு என்ன செய்வது? அப்போது கழற்றிவிட்டுக் கரை சேர்வதுதான் சரி. அலுமினிய ஹெட் வளைந்து போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அவசரத்துக்குச் செய்ததைக் கரைக்கு வந்த பின்னும் அப்படியே விட்டுவிடக் கூடாது. சில டீசல் இன்ஜின்களில் அந்த அவசர வழியும் உதவாது. அவற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, தண்ணீரை உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடும் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீர் குளிரப் போகாமல் உள்ளேயே சுற்றி, சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன், குற்றவாளி அதுதானா என்று பார்க்க வேண்டும். பல அவுட்போர்டுகளில், மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகமெடுத்தால் தணிவது தெர்மோஸ்டாட் சிக்கியதன் அடையாளம். வேகத்தில் மட்டும் சூடேறினால் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரையோ தண்ணீர் உள்ளே வரும் வழியையோ சந்தேகிக்கலாம். பின்னால் தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது என்பது பம்பு வேலை செய்வதற்குத்தான் சாட்சி. கழற்றியதை நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினால் உண்மை தெரிந்துவிடும். புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்தே மாட்டலாம்.

வேலையில் உண்மையான சிரமம் மூடியின் போல்ட்டுகளில்தான். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்பு நீரில் வருஷக்கணக்கில் கிடந்தால், வெள்ளைப் பொடியாக அரிப்பு வளர்ந்து இரண்டையும் கவ்விப் பிடித்துவிடும். ஒரே மூச்சில் திருகினால் போல்ட் முறியும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, மெதுவாகத் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி எடுப்பதுதான் வழி. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். போல்ட் மரைகளில் கடல்நீரைத் தாங்கும் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. புதியதும் சிக்காமல் இருக்க, கடலிலிருந்து வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிடுவது நல்லது. அதையும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடக் கூடாது. சூடேறி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடினால்தான் அந்தத் தண்ணீர் ஹெட்டின் எல்லா வழிகளிலும் பாய்ந்து உப்பைக் கழுவும்.