குட்டி யானைக்குப் பின்னாடியும் டிஸ்க் பிரேக்... மாத்தலாமா, வேண்டாமா?

ஆம்பூரில் 'ஷூ' என்று சொன்னால் எல்லோருக்கும் காலில் போடுவதுதான் ஞாபகம் வரும். ஆனா, அந்த ஷூ பெட்டிகளை ஏத்திக்கிட்டுப் போற குட்டி யானையின் பின் சக்கரங்களுக்குள்ளும் ஷூ இருக்கு. சக்கரத்துக்கு ரெண்டு. பிறை மாதிரி வளைந்த இரும்பு, அதன்மேல் ஒட்டிய லைனிங். பிரேக்கை மிதித்தால் இரண்டும் விரிந்து, சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மின் உள்சுவரை உரசும். வண்டி நிற்கும். இதுதான் டிரம் பிரேக்.

இதைக் கழற்றிப்போட்டு பின்னாடியும் டிஸ்க் மாட்டிடலாமா என்பது வண்டி வைத்திருக்கும் பசங்களுக்கு வருகிற ஆசை. தப்பில்லை. பைக்கில் டிஸ்க் எப்படிப் பிடிக்கும் என்று விரலுக்கே தெரியும். யூடியூபைத் திறந்தால், வெளிநாட்டு பிக்கப்களுக்கு 'கன்வெர்ஷன் கிட்' மாட்டும் வீடியோக்கள். டிரம்மைக் கழட்டு, டிஸ்க்கை மாட்டு, நாலு போல்ட், அவ்ளோதான் என்கிற மாதிரி இருக்கும். வேலூர் பெல்ட்டில் தோல் லோடு அடிக்கும் குட்டி யானைக்கு இது வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதலில் டிஸ்க்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பிரேக்கின் வேலை, ஓடுகிற வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. 40 கி.மீ வேகத்திலிருந்து 80-க்குப் போனால் அந்தச் சூடு ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. டிரம்முக்குள் சூடு மாட்டிக்கொள்ளும். சூடேறிய டிரம் விரியும்போது ஷூவை விட்டு விலகிப்போகும். மிதி இன்னும் உள்ளே போகும், பிடிப்பு குறையும். டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றுகிறது. சூடேறினால் பேடை நோக்கித்தான் தடிக்கும். மழைத் தண்ணீரையும் சுற்றியே உதறிவிடும். 1953-ல் லெ மான் ரேஸில் ஜாகுவார் சி-டைப் கார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தபோதே உலகத்துக்கு இது புரிந்துவிட்டது.

அப்புறம் ஏன் பின்னாடி மட்டும் இன்னும் டிரம்? கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கிறான் என்பது பாதி உண்மை. மீதி, எடை. பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகும். லேசான சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் அது நிற்காது, வழுக்கும். வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்று வரும். அதனால்தான் முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு என்று கணக்குப் போட்டு பிரேக் வைக்கிறார்கள்.

நம்ம ஊர் லோடுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். காலையில் உப்புத்தோல். ஈரமும் உப்புமாக, பின் ஆக்ஸில் அமுங்கும் அளவுக்குப் பாரம். சாயங்காலம் அதே வண்டியில் ஷூ அட்டைப்பெட்டி. பார்க்க மலை மாதிரி இருக்கும், தூக்கினால் ஒண்ணுமில்லை. திரும்பி வரும்போது காலி. பாரம் இருக்கும்போது பின் பிரேக் எவ்வளவு பிடித்தாலும் தாங்கும். காலி வண்டியில் அதே பிடி, மழை பெய்த பைபாஸில், ஆளைச் சாய்த்துவிடும். பின் பாரத்தைப் பார்த்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. அதுவும் அந்த வண்டியோடு வந்த டிரம்முக்கு அளந்து வைத்ததுதான். டிஸ்க் மாட்டினால் அந்த அளவு செல்லாது.

இன்னொரு விஷயம், டிரம்முக்குள் ஒரு தந்திரம் இருக்கு. சுற்றுகிற டிரம், முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுமே, அது மாதிரி. டிஸ்க்குக்கு இந்த இனாம் கிடையாது. மொத்த அழுத்தமும் மிதியிலிருந்து வரணும். காலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ள பிரேக் ஆயிலும் அதிகம் வேணும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைக் கொடுக்காவிட்டால் மிதி தரைவரைக்கும் போகும். குட்டி யானையின் ரிம் 12 இன்ச்தான். அதற்குள் டிஸ்க்கும் காலிப்பரும் அடங்கணும். கடைசியாக ஹேண்ட் பிரேக். டிரம்மில் ஒரு கேபிள் இழுத்தால் ஷூ விரிந்துவிடும். டிஸ்க்கில் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். வீடியோவில் இதைக் காட்டவே மாட்டாங்க. லோடோடு சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்குத்தான் தெரியும் அது எவ்வளவு முக்கியம்னு.

ஆனால், இந்தப் பக்கத்துக்கே உரிய எதிரி உப்பு. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என எங்கே உப்புத்தோல் ஏற்றினாலும், தோலிலிருந்து உப்புத் தண்ணி கசிந்து பின் சக்கரத்துப் பக்கம்தான் சொட்டும். திறந்து கிடக்கும் டிஸ்க்கும் காலிப்பரின் பின்களும் துருப்பிடித்து இறுக, இதைவிட நல்ல வழி கிடையாது. டிரம் மூடிய பெட்டி, ஓரளவு தாங்கும். பழைய காலத்து யோசனை என்று நினைக்காதீங்க. ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3, ஐடி.4 எலெக்ட்ரிக் கார்களிலேயே பின்னாடி டிரம்தான். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை கம்மி. சும்மா இருக்கிற டிஸ்க் துருப்பிடிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

சட்டமும் இருக்கு. ஆர்.சி விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. பிரேக், வண்டிக்கு அங்கீகாரம் வாங்கும்போது சோதனை செய்த பாகம். லோடு வண்டி 8 வயது வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அப்புறம் வருஷா வருஷமும் எஃப்.சி-க்குப் போகணும். பட்டறையில் பொருத்திய டிஸ்க்குக்கு அங்கேயும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரிடமும் யார் பதில் சொல்வது?

அதற்குச் செலவழிக்கும் காசில் இருக்கிற டிரம்மைச் சரியா வச்சுக்கலாம். பிரேக் பிடிக்கலை என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு டிரம் என்கிற ஐடியாவில் இல்லை, பராமரிப்பில். ஹேண்ட் பிரேக் முன்னைவிட அதிக 'கிளிக்' எடுத்தால் லைனிங் தேய்ந்திருக்கும், இல்லை கேபிள் தளர்ந்திருக்கும். பின் வீலுக்கு உள்பக்கம் ஈரம் தெரிந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. அந்த ஆயில் லைனிங்கில் பட்டால் துடைத்துப் பயன்படுத்தாதீங்க, மாத்திடுங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து. லேத்தில் டிரம்மைக் கடையக் கொடுத்தால், அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம் மேலேயே அச்சாகியிருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான். உப்புத்தோல் இறக்கிய அன்றைக்கே அடிப்பக்கம் தண்ணி அடிச்சுக் கழுவுங்க.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 140 டிகிரிதான் குறைந்தபட்ச வரம்பு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துக்கொண்டே இறங்கினால், கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் உருவாகி மிதி வெறுமனே உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம், டீசல் மிச்சமானாலும்.

டிரம்மைத் திறக்கும்போது மட்டும், உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் பிடித்து ஊதும் பழக்கம் பட்டறைகளில் இருக்கு. பழைய, மலிவு லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்க. பக்கத்தில் நின்று வேலை கத்துக்கிட்டிருக்கிற சின்னப் பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்க.