பத்தனையில் ஒரு பொழில்

ஊவா மலைகளின் திறந்த புல்வெளிகளைப் புகழாத பயணியர் இலர். ‘பத்தன’ என்னும் சிங்களச் சொல்லைப் பத்தனை என நம் தோட்டத்து மக்கள் வழங்குவர். இச்சரிவுகளுட் சில தொன்றுதொட்டே புல்வெளிகள். பல, காடிழந்த மலைகள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளை அரசின் உடைமையாகக் கொண்டது. கோப்பித் துரைமார் அவற்றை வாங்கினர். 1869இல் வந்த இலைத்துரு நோயால் கோப்பி மடிந்தது, தேயிலை வந்தது. மண் கரைந்து தேயிலையும் நலிந்த இடங்களில் மானாப்புல் மண்டியது. ஆடி, ஆவணிக் கச்சான் காற்றில் அது பற்றி எரிவதை மாணாக்கர் வகுப்பறைச் சாளரத்தின் வழியே காண்பதுண்டு.

இத்தகைய கைவிடப்பட்ட தேயிலை நிலமொன்றிலேதான், பண்டாரவளைக்கு அண்மையில் மிரஹாவத்தைப் பகுதியிலுள்ள பெலிபொலவில், சூழலியல் அறிஞர் கலாநிதி ரணில் சேனாநாயக்க 1980களின் தொடக்கத்தில் ஒரு தனியார் காட்டை வளர்க்க முற்பட்டார். ஆங்கு உருப்பெற்ற முறையை ‘ஒப்புமைக் காடு’ எனலாம். முதிர்ந்த இயற்கைக் காட்டின் அமைப்பை ஒத்ததாக, வானளாவும் மரம், இடைமரம், புதர், கொடி, பூண்டு என அடுக்கடுக்காக நடுதல். அவ்வவ் வடுக்கில் உழவனுக்குப் பயன்தரும் இனங்களையும் இடையிடையே சேர்த்தல். வெயிலுக்கு அஞ்சாத மரங்கள் முதலில் நிழல் தரும். நிழல் விரும்பும் நாட்டு மரங்கள் பின்னர் வரும். கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டத்தில் பலாவின் மேல் மிளகுக்கொடி ஏற, அதன் கீழே கோப்பி நிற்கும் காட்சியைக் கண்டோர்க்கு இது புதுமையன்று. இம்முறை பின்னர்ப் பிறநாடுகளுக்கும் பரவியது.

அரசு நட்ட பைன் காடுகளை இதனோடு ஒப்பிடுக. தரிசு விரைவிற் பசுமையாயிற்று என்பது மெய். ஆனால் அதன் உதிர்ந்த ஊசியிலை கோடையில் வெடிமருந்துக்கு நிகர். எனினும் அதனை முற்றும் வெட்டி வீழ்த்துக என்பார் பக்கம் யான் சேரேன். சிங்கராஜ வனத்தின் ஓரத்துப் பைன் காட்டில் இடைவெளிகள் திறந்து, நாட்டு மரக் கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டினர் பேராதனைப் பல்கலைக்கழகத்தார்.

நிகண்டு நூலார் குறுங்காட்டை இறும்பு என்றும், சோலையைப் பொழில், தண்டலை என்றும் பெயரிட்டுப் பகுத்தனர். தனிப்பயிர்த் தோப்புக்கு இவற்றுள் எப்பெயர் பொருந்தும் என மாணவன் ஒருவன் வினவினான். எதுவும் பொருந்தாது என்றேன்.

ஆயினும் இங்கொரு வினா எழுகின்றது. இருபது ஆண்டு காத்திருந்து காடு வளர்ப்பவன் நிலத்துக்கு உரியவனாயிருத்தல் வேண்டும். மலையைத் திருத்திய தொழிலாளியோ தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்கின்றான். பீலியில் நீர் நூலிழையாய் ஒழுகும் கோடையில் குடத்தோடு நிற்பவள் அவன் மனைவி. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதையுண்டவையும் லயங்களே. ஊற்றுக்கண்ணைக் காக்கும் காட்டில் அவனைவிட அக்கறையுடையார் யாவர்? தேயிலை ஒழிந்த சரிவுகளை அவன் குடும்பத்துக்கு உறுதியுடன் அளித்தால், காடும் வளரும், அவனுக்கு மிளகும் பலாவும் கிடைக்கும் என்பது என் கருத்து.

முன்னர் வீட்டுக்கென வழங்கப்பெற்றது 7 பேர்ச். வீடு எழுந்தபின் எஞ்சும் மூலையில் ஒரு பலாக்கன்றுக்கு இடமுண்டு. பலர் அதனை நட்டிருக்கின்றனர்.