உடைந்த வளையலும் சிலையாகும்



கை வளையல் உடைஞ்சா நாம என்ன செய்வோம்? யார் காலிலும் குத்தக் கூடாதுன்னு பெருக்கி, குப்பையில் கொட்டிடுவோம். அப்படி வீசிய வளையல் துண்டுகளை வைத்தே வரிசை வரிசையாகப் பெண் சிலைகள் செய்தார் ஒருவர். அவர் பெயர் நேக் சந்த்.

1924-இல் பிறந்தவர். இவருடைய கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947-இல் நாடு பிரிந்தபோது சொந்த ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்தார். பிறகு சண்டிகர் நகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. புதிய நகரம் கட்டுவதற்காகப் பல கிராமங்களை இடித்திருந்தார்கள். உடைந்த பானை, ஓடு, பீங்கான், பழைய சைக்கிள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. வேலை முடிந்ததும் அவற்றைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் சேர்த்தார். 1950களின் கடைசியில் தொடங்கிய வேலை, ஏறக்குறைய 18 வருடம் வெளியே தெரியாமல் நடந்தது.

சிலை செய்த முறை எளிமையானது. முதலில் கம்பி, பழைய சைக்கிள் பாகங்களால் எலும்புக்கூடு மாதிரி கட்டுவார். அதன்மேல் சிமெண்ட் கலவை பூசுவார். கலவை காய்வதற்குள் வளையல், பீங்கான் துண்டுகளைப் பதித்துவிடுவார். அதுதான் சிலைக்குச் சேலையும் ரவிக்கையும்!

அது அரசு நிலம்; கட்ட அனுமதி கிடையாது. அதிகாரிகளுக்குத் தெரிந்ததும் இடித்துவிடுவார்களோ என்ற நிலை வந்தது. ஆனால் பார்த்தவர்கள் அதிசயித்தார்கள், ஆதரவு பெருகியது. 1976-இல் 'ராக் கார்டன்' என்ற பெயரில் மக்களுக்குத் திறந்தார்கள். அவருக்கு அதே வேலைக்குச் சம்பளமும், உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1990-இல் சாலை போட இயந்திரங்கள் வந்தபோது, ஊர் மக்களே குறுக்கே நின்று காப்பாற்றினார்கள். 2015-இல் அவர் காலமானார். சிலைகள் இன்றும் நிற்கின்றன.

"அவர் செஞ்சாரு, நம்மால ஆகுமா?" என்று கேட்காதீர்கள். பெரிய தோட்டம் வேண்டாம். அங்கன்வாடிச் சுவரில் ஒரு மயில், பள்ளி வாசலில் ஒரு மீன் போதும். ஆனால் நாலு விஷயம் மறக்க வேண்டாம்:

1. நாம் ரகசியமாகச் செய்ய வேண்டியதில்லை. கிராம சபையில் பேசி, தீர்மானம் போட்டுச் செய்தால் நாளைக்கு யாரும் இடிக்க வரமாட்டார்கள்.

2. கண்ணாடி, பீங்கான் எடுக்கும்போது கையுறை போடுங்கள். குழந்தை கை படும் உயரத்தில் கூர்மையான துண்டு பதிக்காதீர்கள்.

3. டியூப் லைட்டை உடைக்கவே கூடாது. உள்ளே பாதரசம் உண்டு. பழைய பேட்டரி, மருந்து ஊசியும் வேண்டாம்.

4. சிலை செய்தால் குப்பை எல்லாம் தீர்ந்துவிடாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிப்பதைத் தொடர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. "நான் எதுக்கும் ஆகாதவள்" என்று சொல்லிக்கொண்டு குழுவில் சேர வந்த சகோதரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். உடைந்த துண்டையே வீசாமல் சேர்த்து வைத்த மனிதர் இருந்திருக்கிறார். நம்மில் யாரும் வீணில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் எந்தச் சுவர் காலியாக இருக்கிறது?

— களப் பணியாளர்கள்