குழந்தைகளை அடிக்காமல் கண்டித்து வளர்த்தல்

குழந்தைகளை அடிக்காமல் கண்டித்து வளர்த்தல் என்பது அடி, வசவு, அவமானம் ஆகியவற்றைத் தவிர்த்து, அதே நேரத்தில் தவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாமலும் குழந்தைக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும் முறையாகும்.

பின்னணி

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்படியுடன், மாணவனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' போன்ற தண்டனைகளும் இருந்தன. 'அடியாத மாடு படியாது' என்ற பேச்சு இன்றும் வீடுகளில் கேட்கிறது. இதற்கு நேர்மாறாக, 'சின்னப் பிள்ளைதானே' என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், வளர்ப்பு முறைகளைக் கண்டிப்பு மட்டும் உள்ளது, கண்டிப்பே இல்லாதது, கண்டிப்பும் அரவணைப்பும் சேர்ந்தது என மூன்றாகப் பிரித்தார். மூன்றாவது முறையில் வளர்ந்த குழந்தைகளிடமே தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருப்பதாக அவர் கண்டார்.

சட்டம்

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையுடன் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இவை பள்ளிகளுக்கானவை. வீட்டில் அடிப்பதையும் சேர்த்து முதன்முதலில் தடை செய்த நாடு சுவீடன் (1979).

எடுத்துக்காட்டு

பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கல்லணைக் கால்வாயை மக்கள் 'புது ஆறு' என்பர். தண்ணீர் திறந்த சமயத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் கூட்டாளிகளுடன் அதில் குளிக்கப் போய்விட்டான் என்று கொள்வோம். அடித்தால், அடுத்த முறை தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு வந்து பொய் சொல்வான். ஆற்றுக்குப் போவது நிற்காது. சிரித்து விட்டுவிட்டால், நீரின் இழுப்பு எத்தகையது என்பதே அவனுக்குத் தெரியாமல் போகும். அடிக்குப் பயந்த பிள்ளை, உடன் வந்தவன் தண்ணீரில் சிக்கிக்கொண்டாலும் பெரியவர்களிடம் ஓடிவந்து சொல்லத் தயங்கக்கூடும். அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் போய்விடலாம்.

கண்டிக்கும் முறை

முதலில் பெரியவரின் கோபம் தணிய வேண்டும். பிறகு சிறுவனைத் தனியே அழைத்து, நடந்ததை அவன் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். உறவினர் முன்னிலையில் விசாரித்தால் வெட்கம் மட்டுமே மனத்தில் நிற்கும். உண்மையைச் சொன்னால் அதை ஏற்றுப் பாராட்டலாம். 'நீ உருப்படமாட்டாய்' என்று ஆளைப் பழிக்காமல், 'சொல்லாமல் போனது தவறு' என்று செயலைக் கண்டிக்க வேண்டும்.

விதிக்கும் கட்டுப்பாடு தவற்றோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பெரியவர் துணையின்றி வெளியே விளையாடப் போகக் கூடாது என்பது பொருத்தமானது. சோற்றை நிறுத்துவது பொருத்தமற்றது. தந்தை விதித்ததை அப்பாயி மறுநாளே தளர்த்தினால் பயனில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். வாரம் முடிந்ததும் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்கக் கூடாது. அதன்பின், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இழுப்பில்லாத, ஆழமற்ற நீரில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தால் கண்டிப்பு முழுமை பெறும்.

குழந்தைகள் துன்புறுத்தப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.