ஒரே குளிசை, இரண்டு நோய்கள்

ஈரல் நோய்க்காகக் கண்டியிலோ பேராதனையிலோ கிளினிக் போய்வரும் சிலரின் கொப்பியில் ‘அர்சோடீஒக்சிகோலிக் அமிலம்’ என்ற நீண்ட பெயர் இருக்கும். சீன வைத்தியத்தில் நெடுங்காலம் பயன்பட்ட கரடிப் பித்தத்தில் உள்ள பொருள் இது. 1927இல் ஜப்பானின் ஒகயாமாவில் பிரித்தெடுத்தார்கள். பின்னர் பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கொடுத்தார்கள். 1987இல் பிரான்சின் ரவுல் பூப்பொன் குழுவினர் பித்தக்குழாய் நோய்க்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நாட்பட்ட பித்தக்குழாய் நோய்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவது. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களைச் சிதைக்க, பித்தம் தேங்கும். அரிப்பும் களைப்பும் வரும். பித்த அமிலங்கள் சவர்க்காரம் போலக் கொழுப்பைக் கரைப்பவை. தேங்கி நின்றால் ஈரல் கலங்களையும் அரிக்கும். இம்மருந்தும் ஒரு பித்த அமிலம்தான், ஆனால் சாதுவானது. இயல்பாக நம் பித்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். குளிசை எடுத்தால் ஏறக்குறைய நாற்பதாக உயர்ந்து, கடுமையானவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் குளிசை மூன்று.

ஆயுள் நீளுமா? பரிசோதனைகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு அதற்கு ஆதாரம் காணவில்லை. பல பரிசோதனைகள் ஓரிரு ஆண்டுகளே நடந்தவை, நோயோ மெதுவாக நகர்வது. 3902 நோயாளிகளின் பல்லாண்டுப் பதிவுகளை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுத்தவர்கள் ஈரல் மாற்றுச் சிகிச்சை இல்லாமல் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரிந்தது.

இரண்டாவது நோயில் பெரிய குழாய்களும் தழும்பேறிச் சுருங்கும். ஆண்களிடம் அதிகம், பலருக்குக் குடல் அழற்சியும் கூடவே இருக்கும். அமெரிக்காவில் 150 பேருக்கு நடந்த பரிசோதனையில், ஒரு பாதிப் பேருக்கு ஏறக்குறைய இருமடங்கு அளவு, கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் இறங்கின. ஆனால் நோயாளிகளின் நிலை, மருந்தில்லாத குளிசை எடுத்தவர்களைவிட மோசமானது. பரிசோதனையை இடையில் நிறுத்தி, 2009இல் முடிவை வெளியிட்டார்கள்.

வர்த்தகப் பெயர்கள் பல, மருந்து ஒன்றே. பொதுப்பெயரில் மருந்து எழுதவேண்டும் என்று வாதாடியவர், பேராதனை மருத்துவ பீடத்தின் சேனக பிபிலே. மருந்தின் பொதுப்பெயரோடு நோயின் பெயரையும் கேட்டறியுங்கள். முதல் நோயென்றால், ஓராண்டில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற ஈரல் நொதி போதியளவு குறைந்ததா என்று வைத்தியர் பார்ப்பார். பத்தில் நால்வர் வரை அது போதியளவு குறைவதில்லை; அவர்களுக்கு வேறு மருந்து சேர்க்கவேண்டி வரலாம். நீங்களாகக் குளிசையின் எண்ணிக்கையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.