ஒன்பது கன்றும் ஒரு நாயும்

நாலுகால் உறவு – 7

சென்ற வாரம் பக் நாயின் மூச்சுத் திணறலைப் பார்த்தோம். இந்த வாரம் இடுப்பு. அதுவும் என் வீட்டு நாயின் இடுப்பு.

ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரின் அறை. வெளிச்சப் பெட்டியில் ராணியின் எக்ஸ்ரே. பதினான்கு மாதம் ஆன ஜெர்மன் ஷெப்பர்ட். ஒரு மாதமாகவே படுத்து எழுந்தால் இடது பின்னங்காலைத் தரையில் வைக்கத் தயங்கினாள். ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவினாள். நான் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

“வலப்பக்கம் பரவாயில்லை. இந்தப் பக்கம் பாருங்க” என்று டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். எனக்கு எல்லாம் சாம்பல் மேகமாகத்தான் தெரிந்தது. கூட வந்திருந்த மாமா சட்டென்று கண்டுகொண்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டியவர்.

“மங்கு சரிஞ்சு கெடக்கு மாப்ளே. அதுல எப்படிப் பால் நிக்கும்?”

மங்கு என்றால் மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணம். டாக்டர் சிரித்துவிட்டார். அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் ஆழமாக உட்கார வேண்டும். ராணிக்குக் குழி மேலோட்டமாக இருந்தது, உருண்டையில் பாதி வெளியே நின்றது. இதற்கு ஹிப் டிஸ்ப்ளேசியா என்று பெயர். குட்டி பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. வளர வளர மூட்டு தளர்ந்து, எலும்போடு எலும்பு உரசி, குழியும் உருண்டையும் தேய்கின்றன. கடைசியில் மூட்டுவாதம். ஒரே ஒரு மரபணுவின் வேலை என்றால் ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம். இதில் பல மரபணுக்கள் கூட்டுச் சேர்கின்றன. ஆகவே நொண்டாத தாய்க்கும் நொண்டாத தகப்பனுக்கும் நொண்டும் குட்டி பிறக்கும்.

பாதிக் குற்றம் என் தலையிலும் விழுந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 விழுக்காடு குறைவாக இன்னொன்றுக்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்புக் கோளாறு குறைவு, ஆயுளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதல். நானோ தினம் இரண்டு முட்டை வைத்து, “பார், என்ன வளர்த்தி!” என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு வீடு முழுக்க வழுக்கும் மார்பிள் தரை.

வாங்கும்போது பத்திரம் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்று தலைமுறைப் பெயர்கள், சாம்பியன்களின் பெயர் சிவப்பு எழுத்தில். தகப்பன் யார் என்று அந்தத் தாள் சொன்னது. தகப்பனின் இடுப்பு எப்படி என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்த இனம் இன்றைக்கும் ‘அல்சேஷன்’தான். துரை பங்களா வாசலில் நின்ற நாய். முதல் உலகப் போரில் ஜெர்மன் என்ற சொல்லே பிரிட்டிஷாருக்குக் கசந்துபோக, சூட்டிய மாற்றுப் பெயர் அது. பிரிட்டனின் கென்னல் கிளப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது 1977இல். இனத்தின் ஏடு தொடங்கியது 1899இல். மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி கார்ல்ஸ்ரூஹ நாய்க் கண்காட்சியில் ஒரு நாயை வாங்கி, ஹோரண்ட் என்று பெயரிட்டு, முதல் எண்ணில் பதிந்தார். அதன் வாரிசுகளை நெருங்கிய உறவுக்குள்ளேயே கலக்கவிட்டு இனத்தின் அச்சை நிலைநிறுத்தினார்கள். ஏட்டில் இல்லாத ரத்தத்துக்கு நாளடைவில் கதவு மூடியது.

இந்தக் கதை பேராக்காரர்களுக்குப் புதிதல்ல. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, மறு வருஷம் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பது கோலகங்சாருக்கு. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய மரங்கள் பெரும்பாலும் அந்தக் கைப்பிடி விதையின் வம்சம். பிறகு ஒட்டுக் கட்டும் முறை வந்தது. நன்றாகப் பால் தரும் ஒரே தாய்மரத்தின் மொட்டு, காடு முழுக்க. பார்க்க அழகு, கணக்குக்குச் சுலபம். ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் வந்தால் காடே போகும் என்பதுதான் வில்லங்கம். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் பிரேசிலில் ஃபோர்டு கம்பெனித் தோட்டங்களைச் சூறையாடியிருக்கிறது.

ரப்பர்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1981இல் மறுபடி அமேசான் காட்டுக்கே போய் 60,000க்கும் மேற்பட்ட புது விதைகளைத் திரட்டினார்கள். அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் வந்தது.

நாய் உலகத்தில் இந்த மனம் சுலபமாக வருவதில்லை. டால்மேஷனைப் பாருங்கள். அந்த இனம் மொத்தத்துக்குமே சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம், கல் அடைக்கும். 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயிண்டர் நாயோடு கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து வந்தார். புள்ளி அப்படியே இருந்தது, கோளாறு போயிற்று. அந்த வம்சத்தை அமெரிக்கன் கென்னல் கிளப் நிலையாக ஏற்றுக்கொண்டது 2011இல். ஒரு பாயிண்டருக்கு 38 வருஷ வழக்கு!

ஷெப்பர்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஜோடி சேர்க்கும் முன் எக்ஸ்ரே எடுத்தாலே பெரும் உதவி. பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு பக்க இடுப்புக்கும் 0 முதல் 53 வரை புள்ளி. குறைவாக இருந்தால் நல்லது. அமெரிக்க முறையில் இரண்டு வயது நிறைந்த பிறகே இறுதிச் சான்று. குட்டி வாங்கப் போகிறவர்கள் சிவப்பு எழுத்தைப் பார்க்கும் முன், தாய் தகப்பன் இருவரின் இடுப்புப் புள்ளியைக் கேளுங்கள். “எங்க நாய்க்கெல்லாம் அது வராது” என்ற பதில் வந்தால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

“எங்க தோட்டத்து லயத்துல ஒரு நாயும் இப்படி நொண்டுனதில்ல” என்றார் மாமா, வரும் வழியில்.

“எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களா மாமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நொண்டுனது தங்காது. செத்துரும்” என்றார் பிறகு.

லயத்து நாய்க்கும் இடுப்புக் கோளாறு வரும். ஆனால் முதுகுச் சரிவின் அழகுக்காக அதற்கு யாரும் மாப்பிள்ளை பார்த்ததில்லை. நாய்க் கண்காட்சிகளில் பார்க்கிறார்கள்.

போன மாதம் ராணியை விற்றவர் கூப்பிட்டார். நல்ல ஆண் நாய் ஒன்று வந்திருக்கிறதாம். “இவ்ளோ நல்ல ரத்தம், வீணாக்காதீங்க சார்.” கருத்தடை செய்தாயிற்று என்றேன். எக்ஸ்ரே படத்தை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

36 கிலோவிலிருந்து 29க்கு இறங்கியிருக்கிறாள் ராணி. முட்டையை நிறுத்திவிட்டோம். கூடத்து மார்பிள் மேல், மாமா எங்கிருந்தோ வாங்கி வந்த கறுப்பு ரப்பர் பாய் விரிந்து கிடக்கிறது. அதன் மேல் வழுக்காமல் எழுந்து நிற்கிறாள்.

(அடுத்த வாரம்: ராஜபாளையம் – வெள்ளைத் தோலும் கேளாக் காதும்)